அண்ணனின் பங்கு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் எனக்கு முன் பேசியோர் பலரும் தம்மை உருவாக்கிய நூலொன்றைப் பற்றியோ ஆசிரியரொருவரைப் பற்றியோ சொன்னார்கள். நானும் அவ்வாறே ஒரு நூலைத் தெரிவுசெய்து குறிப்பெழுதத் தொடங்கினேன். இரண்டு பக்கத்துடன் பேனா நின்றுவிட்டது. என்னை உருவாக்கியவர் எந்த நூலையும் வாசித்தவரல்லர். தம் பெயரைக்கூட எழுத அறியாதவர். அவர் என் அண்ணன். பிறவியிலிருந்தே அறிவு வளர்ச்சியில் குறைபாடுள்ளவர். இன்று அவரைப் பற்றியே பேச விரும்புகிறேன். இலக்கியத் தொடரில் இதற்கு இடமுண்டா என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு மனிதனை எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பது இலக்கியத்தின் கவலைகளில் ஒன்றென்றால், இதற்கும் இடமுண்டு என்று நம்புகிறேன்.

என் ஊர் உடப்பு. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தல் ஏரியுமாக நீருக்கு நடுவே கிடக்கும் தமிழ்க் கிராமம். கொழும்பிலிருந்து புத்தளம் போகும் வீதியில் பத்துளு ஓயாவில் இறங்கிக் கடலை நோக்கித் திரும்பவேண்டும். எங்கள் முன்னோர் இராமேஸ்வரக் கரையிலிருந்து தோணியேறி வந்தவர்கள் என்பது ஊர் வழக்கு. ஆடி மாதத்தில் திரௌபதியம்மன் கோயில் தீமிதிப்பு, கடற்கரையில் கரைவலை. உடப்பு என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருபவை இவ்விரண்டும்தாம். என் அண்ணனின் கதையிலும் இவ்விரண்டுமே வருகின்றன.

அண்ணன் 1976இல் பிறந்தார். நான் நான்கு வருடம் இளையவன். பிரசவ வேதனை இரண்டு நாள் நீடித்ததாம். குழந்தை வெளியே வந்தபின் நெடுநேரம் அழவில்லையாம். நீலம் பாரித்திருந்த உடம்பைத் தட்டித் தட்டி அழவைத்தார்களாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் "அவன் அழுதபோது நான் சிரித்தேன்" என்று முடிப்பார். பிறக்கும் வேளையில் மூளைக்குப் பிராணவாயு போதாமற் போவதும் இத்தகைய குறைபாட்டுக்கு ஒரு காரணம் என்பதைப் பின்னாளில் நான் படித்தறிந்தேன். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த விளக்கங்கள் வேறு. அம்மன் நேர்த்தியை மறந்துவிட்டார்கள் என்றார் ஒருவர். முற்பிறவிக் கணக்கு என்றார் இன்னொருவர். அம்மா கிரகணத்தில் வெளியே போயிருப்பாள் என்றாள் ஒரு கிழவி. மருந்தில்லாத இடத்தில் பழி வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாப் பழிகளும் வந்து சேர்ந்த இடம் அம்மாதான்.

இதில் ஒன்றை இடையே சொல்லவேண்டும். அறிவு வளர்ச்சிக் குறைபாட்டுக்குக் காரணங்கள் பல. மரபணுவின் அமைப்பிலே வருவதுண்டு. டவுன் என்ற ஆங்கில வைத்தியர் 1866இல் விவரித்த நிலைக்கு ஒரு நிறப்புரி மிகையாக இருப்பதே காரணம் என்பது 1959இல்தான் தெரியவந்தது. மூளைக் காய்ச்சலால் வருவதுண்டு. கர்ப்பிணித் தாயின் உணவில் அயடீன் குறைவதாலும் வருவதுண்டு. உலகில் எளிதாகத் தடுக்கக்கூடிய காரணம் இந்தக் கடைசிக் காரணந்தான். எங்கள் புத்தளம் மாவட்டம் நாட்டுக்கு உப்பு விளைவித்துக் கொடுக்கும் மாவட்டம். இலங்கையில் சமையல் உப்புக்கு அயடீன் சேர்க்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது 1990களில். எங்கள் கண்ணெதிரே குவிந்து கிடந்த வெள்ளை மலைகளில் ஒரு சிட்டிகை மருந்தைச் சேர்ப்பதற்கு அவ்வளவு காலம் சென்றது. அண்ணனுக்கு அந்த உப்பால் பயனிருந்திருக்காது. எனினும், குறைபாடு என்பது தாயின் பாவமல்ல, பல வேளைகளில் சமுதாயம் செய்யத் தவறிய காரியம் என்பதை அந்த உப்பு எனக்கு உணர்த்தியது.

அண்ணனுக்குத் தெரிந்த சொற்கள் ஐம்பது இருக்கலாம். அம்மா, தம்பி, சோறு, தண்ணி, கடல், வலை. மழையும் தண்ணிதான், தேநீரும் தண்ணிதான், ஏரியும் தண்ணிதான். ஆனால் கடல் மட்டும் கடல். அதைத் தண்ணி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இந்த வேறுபாட்டை அவருக்கு யார் கற்பித்தார்கள் என்று தமிழாசிரியனான நான் இன்றும் வியக்கிறேன்.

1982இல் அவரையும் பாடசாலைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மாதம்கூட இல்லை. "இவனை வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொன்ன ஆசிரியரை நான் குறைகூறமாட்டேன். அறுபது பிள்ளைகளோடு நின்றவர் அவர். இத்தகைய பிள்ளைக்கு எப்படிப் படிப்பிப்பது என்று அவருக்கும் எவரும் படிப்பிக்கவில்லை. ஐந்து வயது முதல் பதினான்கு வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் பாடசாலை செல்லவேண்டும் என்ற கட்டாயக் கல்வி விதிகள் இலங்கையில் வந்தது 1997இல். அப்போது அண்ணனுக்கு இருபத்தொரு வயது.

நான் பாடசாலைக்குப் போகத் தொடங்கிய நாளில் அப்பா என்னைப் பக்கத்தில் அழைத்தார். "உன் பங்குப் படிப்பையும் படி, அவன் பங்குப் படிப்பையும் சேர்த்துப் படி" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்தின் பாரத்தை, உடன்பிறப்பொருவர் இப்படியிருக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். நாம் எங்களுக்காக மட்டும் வெற்றிபெற முடியாது. எங்களுக்காக மட்டும் தோற்கவும் முடியாது. காய்ச்சலென்று படுத்தால்கூட, "நீயுமா?" என்று தாயின் கண் கேட்கும். இன்னுமொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எனக்குப் பொறாமை இருந்தது. மீனின் நல்ல துண்டு அவருக்குப் போகும். உடைந்த பொருளுக்கான அடி எனக்கு விழும். "அவனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியாதா?" என்பார் அம்மா. தெரிந்திருப்பது ஒரு குற்றம் என்பதுபோல் எனக்குத் தோன்றும்.

பாடசாலை தராத இடத்தை அண்ணனுக்குத் தந்தது கரைவலை. கரைவலை இழுப்பதைக் காணாத நேயர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். வலையிழுக்கும் கரைப் பகுதியைப் பாடு என்போம். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். நெடுந்தூரம் கயிறு விட்டு, வலையைப் பிறைபோல் வளைத்துப் போட்டு, மறு தலைப்புடன் வேறோரிடத்தில் கரைக்கு வரும். பிறகு இரு தலைப்பிலும் இரு வரிசையாக ஆட்கள் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கிவரும். மீன் நிறைந்த மடி கரையேற மணிக்கணக்காகும். தனித்தனியே இழுத்தால் கயிறு அசையாது. எல்லாக் கால்களும் ஒரே கணத்தில் மணலில் ஊன்றவேண்டும், எல்லாத் தோள்களும் ஒரே கணத்தில் பின்சாயவேண்டும். அதற்காகவே பிறந்தது அம்பாப் பாட்டு. ஒருவர் முன்னடி எடுப்பார், மற்றவர் பின்னடி கொடுப்பார். பாட்டின் தாளம் உடம்புக்குள் இறங்கி, முப்பது பேர் ஒரே உடம்பாவார்கள்.

அண்ணனுக்குப் பதினான்கு வயதிருக்கும். அப்பாவோடு பாட்டுக்குப் போனவர் வரிசையின் கடைசியில் கயிற்றைப் பிடித்தார். ஒருவரும் கற்பிக்கவில்லை. பாட்டின் சொற்கள் அவர் வாயில் வரவில்லை. ஆனால் பின்னடியின் கடைசி ஒலி மட்டும் சரியான இடத்தில் வந்து விழுந்தது. சற்றும் முந்தவில்லை, சற்றும் பிந்தவில்லை. பேச்சில் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவர் பாட்டில் ஒரு வரியையும் முடிக்காமல் விட்டதில்லை.

அன்று மீன் விற்றுச் செலவு கழித்துப் பங்கு பிரித்தபோது அவருக்கும் அரைப் பங்கு கிடைத்தது. சிறுவர்களுக்கு அரைப் பங்குதான் வழக்கம். பின்னர் அவர் வளர்ந்து முழு ஆளானபோது ஒரு பேச்சு எழுந்தது. "புத்தியில்லாதவனுக்கு முழுப் பங்கா?" என்று ஒருவர் கேட்டார். அம்பா பாடும் முதியவர் ஒருவர் நிமிராமலே பதில் சொன்னார்: "கயிறு புத்தியைக் கேட்கிறதா, தோளைக் கேட்கிறதா?" சம்மாட்டி சிரித்துக்கொண்டே முழுப் பங்கை எண்ணிக் கொடுத்தார். அண்ணனுக்கு நோட்டைவிடச் சில்லறை பிடிக்கும், குலுக்கினால் சத்தம் வருமல்லவா? அதனால் அவர் பங்கில் கொஞ்சத்தைச் சில்லறையாகவே கொடுப்பது அந்தப் பாட்டின் வழக்கமாயிற்று. பால்மா டின்னுக்குள் அதைக் குலுக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வருவார். அந்தச் சத்தம் தெரு முனையில் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து எழும்புவார்.

நேயர்களே, உரிமை, சமத்துவம் என்ற சொற்களைப் பின்னாளில் பல மேடைகளில் கேட்டேன். அவற்றின் பொருளை நான் கண்டது அந்த மணலில்தான். ஒருவருடைய குறைபாட்டின் அளவு அவர் உடம்புக்குள் மட்டும் இல்லை. நாம் அவரிடம் எதைக் கேட்கிறோம் என்பதிலும் இருக்கிறது. பாடசாலை எழுத்தைக் கேட்டது. அங்கே அண்ணன் ஒன்றுமில்லாதவரானார். கரைவலை தோளையும் தாளத்தையும் கேட்டது. அங்கே அவர் முழுப் பங்குக்காரர்.

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்கிறேன்.

1997இல் நான் வெளியூர்ப் பாடசாலையொன்றில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் வாசம். நன்றாகப் பேசுகிறவன், கவிதை எழுதுகிறவன் என்று ஒரு பெயர் எடுத்திருந்த காலம். ஒருநாள் அப்பா எனக்கு நெத்தலிக் கருவாடும் கொஞ்சம் பணமும் கொண்டுவந்தார். கூடவே அண்ணன். சாரத்தை மடித்துக் கட்டி, வாயோரம் எச்சில் கசிய, கையில் பால்மா டின்னோடு வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் "தம்பி! தம்பி!" என்று கத்தினார். என் நண்பர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யார் மச்சான் அது?" என்றான் ஒருவன்.

"எங்கள் பாட்டில் வலை இழுக்கிறவர்" என்றேன்.

பொய்யல்ல. அதுதான் அதன் கொடுமை. ஒவ்வொரு சொல்லும் உண்மை, வாக்கியம் முழுவதும் துரோகம். அப்பாவுக்குக் கேட்டிருக்கவேண்டும். அவர் கருவாட்டுப் பொதியின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நின்றார். ஆனால் அண்ணனோ "வலை" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் மலர, நெஞ்சில் தட்டி, என் நண்பர்களைப் பார்த்து "ஓம், வலை! வலை!" என்றார். நான் மறைப்பதற்காகச் சொன்னதை அவர் தமக்குச் சூட்டிய பட்டமாக ஏற்றுக்கொண்டார். டின்னிலிருந்து சில்லறையை அள்ளி என் கையில் திணித்துவிட்டுப் போனார். அந்தக் காசை நான் செலவழிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் துணிவு வரவில்லை.

பன்னிரண்டு வருடங்களின்பின், 2009இல் அப்பா காலமானார். தந்தைக்கு மூத்த மகன் கிரியை செய்யவேண்டும் என்பது முறை. "மூத்தவனுக்கு என்ன தெரியும்? இளையவன் படித்தவன், ஆசிரியன். அவனே செய்யட்டும்" என்றார்கள் உறவினர்கள். நான் மௌனமாக நின்றேன். மறுக்கவில்லை. அழுதுகொண்டிருந்த அம்மா எழுந்துவந்தார். "மூத்தவன் உயிரோடு நிற்கிறான்" என்றார். வேறொரு வார்த்தையும் பேசவில்லை. அண்ணன் குளித்து ஈர வேட்டியோடு வந்து நின்றார். ஐயர் செய்து காட்டியதையெல்லாம் அப்படியே செய்தார். முன்னடிக்குப் பின்னடி கொடுத்துப் பழகியவரல்லவா? ஓரிடத்திலும் பிழைவிடவில்லை. எல்லாம் முடிந்தபின் கடற்கரைக்குப் போய், அப்பா வழக்கமாக நிற்கும் இடத்தில் இருள் சூழும்வரை இருந்தார்.

2014ஆம் ஆண்டு. இந்துக் கல்லூரியொன்றில் உயர்தர வகுப்புக்குப் புறநானூற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாடத்துக்கு அப்பாலும் சில பாடல்களைக் காட்டுவது என் வழக்கம். அன்று இருபத்தெட்டாம் பாட்டை எடுத்தேன். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்னது. மக்கட் பிறப்பிலே எண்வகைக் குறைகளை அந்தப் புலவர் வரிசைப்படுத்துகிறார். பார்வையில்லாமை, உருவமற்ற பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு என்று போய், ஏழாவதாக மா, எட்டாவதாக மருள் என்று முடிக்கிறார். இவையெல்லாம் பயனில்லாத பிறப்புகள் என்பது முன்னோர் கூற்று என்கிறார். குறையற்ற பிறவி எடுத்த அரசன் அறம், பொருள், இன்பம் மூன்றையும் பேணவேண்டும் என்பதே அவருடைய உபதேசம்.

"மருள் என்றால் என்ன, சேர்?" என்று கேட்டான் ஒரு மாணவன். "அறிவு மயக்கம். புத்தி வளர்ச்சியில்லாத நிலை" என்றேன். உரைநூல் சொல்வதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். மணி அடித்தது. எல்லாரும் போனபின் ஒரு மாணவி மேசையருகே வந்து நின்றாள். "சேர், என் தங்கச்சி அப்படித்தான். அவள் பயனில்லாத பிறப்பா?" என்று கேட்டாள். கண் கலங்கவில்லை. பதில் தெரியவேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

இருபது வருடங்களாகத் தமிழ் படித்தவன், பட்டமும் பயிற்சியும் பெற்றவன், ஒரு பெண்பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பிறகுதான் வாய் திறந்தது. "என் அண்ணனும் அப்படித்தான் பிள்ளை" என்றேன். அந்த வாக்கியம் 1997இல் ஒரு பாடசாலை வாசலில் வந்திருக்கவேண்டியது. வந்துசேரப் பதினேழு வருடம் பிடித்தது.

மறுநாள் அதே பாட்டை மீண்டும் படிப்பித்தேன். சாத்தனாரைக் குறைகூறவில்லை. அவர் தம் காலத்தின் கண்ணால் கண்டார். ஆனால் வள்ளுவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பேதைமை என்று ஓர் அதிகாரமே எழுதியவர் அவர். அவர் சொல்லும் பேதை பிறவிக் குறையுள்ளவனல்லன். கேடு தருவதைக் கையில் வைத்துக்கொண்டு ஊதியம் தருவதைக் கைவிடுகிறவன். அடுத்த அதிகாரம் புல்லறிவாண்மை. தம்மைத் தாமே அறிவுடையவர் என்று மதித்துக்கொள்ளும் செருக்கையே அங்கே அவர் அறிவின் சிறுமை என்கிறார். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போனால் பேதை யார்? நெஞ்சில் தட்டி "வலை" என்றவரா, அவரை அண்ணன் என்று சொல்ல மறுத்தவனா?

சொல்லின் வரலாறு ஒன்றை இங்கே நினைவுபடுத்தலாம். எங்கள் சிறுவயதில் ஊரில் வழங்கியவை விசரன், மண்டு, புத்திக்கெட்டவன் என்பன. பத்திரிகையிலும் அலுவலகத்திலும் மந்தபுத்தி என்றார்கள், பிறகு மூளை வளர்ச்சி குன்றியவர் என்றார்கள், பிறகு உளவளர்ச்சி குன்றியவர் என்றார்கள். இன்று அறிவுசார் இயலாமை என்கிறோம், விசேட தேவையுடையோர் என்கிறோம். ஆங்கிலத்திலும் இதே கதைதான். வைத்திய நூல்களில் வகைப்பெயராக இருந்த சொற்களே பின்னர் தெருவில் வசையாக மாறின. அமெரிக்காவில் ரோசா என்ற சிறுமியின் குடும்பத்தார் அவ்வாறான ஒரு சொல்லை எதிர்த்தார்கள். அவளுடைய அண்ணன், பள்ளிச் சிறுவன், மேரிலாந்து மாநிலச் சட்டமன்றத்தின்முன் தங்கைக்காகப் பேசினான். ஒருவரை எப்படி அழைக்கிறோமோ அப்படித்தான் நடத்துவோம் என்பது அவன் பேச்சின் சாரம். 2010இல் ரோசாவின் சட்டம் என்ற பெயரால் அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டங்கள் பலவற்றிலிருந்து அந்தச் சொல் நீக்கப்பட்டது.

இன்னுமொரு உடன்பிறப்பையும் சொல்லவேண்டும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் தங்கை ரோஸ்மேரி அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ளவர். 1941இல், இருபத்து மூன்று வயதில், அவருக்கு மூளையில் ஒரு சத்திரசிகிச்சை செய்தார்கள். இருந்த ஆற்றலும் அதனோடு போயிற்று. செல்வமும் செல்வாக்கும் நிறைந்த அந்தக் குடும்பம் அவரை நெடுங்காலம் உலகின் கண்ணிலிருந்து மறைத்து வைத்தது. அந்த மௌனத்தை 1962இல் ஒரு சஞ்சிகைக் கட்டுரையால் உடைத்தவர் இன்னொரு சகோதரியான யூனிஸ். இத்தகையோருக்கான விசேட ஒலிம்பிக் போட்டிகளை 1968இல் சிக்காகோவில் தொடங்கியவரும் அவரே. மாளிகையிலும் குடிசையிலும் மறைப்பு ஒன்றுதான், அதை உடைக்கும் சொல்லும் ஒன்றுதான் என்பதை அதைப் படித்தபோது உணர்ந்தேன்.

நம் நாட்டிலும் காரியங்கள் நடக்காமலில்லை. இயலாமையுள்ள ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை 2004 முதல் இத்தகைய பிள்ளைகளைத் தேடிச் சேர்த்துப் படிப்பிக்கிறது. பல பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் இயங்குகின்றன. இவை பெரிய காரியங்கள். ஆனால் பிள்ளைகள் பிள்ளைகளாகவே இருந்துவிடுவதில்லை. அண்ணனுக்கு இப்போது ஐம்பது வயதை ஒட்டிவிட்டது. வளர்ந்தபின் அவர்கள் எங்கே போவது, என்ன செய்வது, தாய் தந்தையருக்குப் பின் யாரிடம் இருப்பது? இந்தக் கேள்விகளுக்குச் சட்டப் புத்தகத்தில் உள்ள பதில் வீட்டு வாசல்வரை இன்னும் வந்து சேரவில்லை.

கரைவலையும் மாறிவிட்டது. உழவு இயந்திரத்தில் பூட்டிய உருளை பல பாடுகளில் கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கியது. முப்பது பேர் நின்ற இடத்தில் சிலர் போதும். உழைப்பாளியின் முதுகு ஒடிவது குறைந்திருக்கிறது, அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் இயந்திரத்துக்கு அம்பா தேவையில்லை. அம்பா தேவையில்லாத இடத்தில் பின்னடி தேவையில்லை. பின்னடி தேவையில்லாத இடத்தில் அண்ணனுக்குப் பங்கில்லை. ஒரு நாட்டார் பாடல் அழிந்தது என்று ஆய்வாளர்கள் எழுதுவார்கள். ஒரு மனிதனின் இருப்பிடமும் அதோடு அழிந்தது என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

2018இல் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் என் கையைப் பிடித்து ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனின் கையை எடுத்து என் கையில் வைத்தார். அன்று முதல் அண்ணன் எங்களோடு இருக்கிறார். என் மனைவி அவருக்குத் தேங்காய் துருவும் வேலையைக் கொடுத்திருக்கிறாள். அதில் அவருக்கு அபாரத் திறமை. வேலை முடிந்ததும் சில்லறை கொடுக்கவேண்டும், பங்கு பங்குதான். விடுமுறையில் உடப்புக்குப் போனால் விடியற்காலையிலேயே கரைக்குப் போய்விடுவார். இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும். அவர் கயிற்றின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, எவருக்கும் கேட்காத ஒரு முன்னடிக்குப் பின்னடி கொடுத்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் ஊர் பாரதக் கதையோடு வாழும் ஊர் என்பதால் அந்தக் கதையோடு முடிக்கிறேன். வில்லிபுத்தூராரின் பாரதம் போரோடு முடிந்துவிடும். வியாசர் அதற்கப்பாலும் போகிறார். போர் முடிந்து நெடுங்காலத்தின்பின் பாண்டவர்கள் வடதிசை நோக்கி நடக்கிறார்கள். வழியிலே திரௌபதி விழுகிறாள், தம்பியர் ஒவ்வொருவராய் விழுகிறார்கள். தருமர் திரும்பிப் பாராமல் நடக்கிறார். சிறுவயதில் அந்த இடத்தைக் கேட்டபோது எனக்கு அவரில் கோபம் வரும். பின்னாளில்தான் கதையின் மீதியை அறிந்தேன். சுவர்க்கத்தில் தம்பியரைக் காணாத தருமர், அவர்கள் இருக்குமிடத்துக்கே தன்னைக் கொண்டுபோகும்படி கேட்கிறார். கொண்டுபோன இடமோ நரகம். அவர்களின் குரலைக் கேட்டதும், அவர்கள் இங்கே என்றால் நானும் இங்கேதான் என்று அங்கேயே நின்றுவிடுகிறார். ஒருகாலம் திரும்பிப் பாராமல் நடந்தவர்தான் அப்படி நின்றார்.

நானும் ஒருகாலம் திரும்பிப் பாராமல் நடந்தவன். இப்போது பஸ்ஸிலோ கோயிலிலோ எவராவது "இவர் யார்?" என்று கேட்டால், "என் அண்ணன்" என்கிறேன். அண்ணன் உடனே நெஞ்சில் தட்டி "வலை" என்பார். இரண்டும் சேர்ந்தால்தான் அவருடைய அறிமுகம் முழுமையாகும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகளில் எங்காவது ஓர் அறைக்குள் ஓர் அண்ணன், ஒரு தங்கை இருக்கலாம். அவர்களை விருந்தினர் வரும்போது உள்ளே அனுப்பாதீர்கள். அவர்களுக்கு இரக்கம் வேண்டாம், ஒரு வேலையும் அதற்கொரு பங்கும் கொடுங்கள். மீதியை அவர்களே உங்களுக்குக் கற்பிப்பார்கள்.